பளீல் மச்சான் கை தூக்க மறுத்த கதை

என் மூத்த சகோதரி ஸுலைஹா ராத்தாவின் கணவர் பளீல் மச்சானுக்கு மெதுவாகப் பேச வராது. சாய்ந்தமருதுக் கடற்கரையில் வாலிப வயதிலிருந்து மீன் ஏலம் கூறுகிற மனிதர். தோணி கரைக்கு வந்தால் கூடைகளைச் சுற்றி வியாபாரிகள் கூடிவிடுவார்கள். அலை ஒரு பக்கம் இரையும், லொறிக்காரர்கள் மறுபக்கம் கத்துவார்கள். அதற்கெல்லாம் மேலால் மச்சானின் குரல் கேட்க வேண்டும். கேட்கும். அதே குரலில்தான் வீட்டில் தேத்தண்ணி கேட்பார். மகளுக்கு மாப்பிள்ளை பேசப் போனதும் அதே குரலோடுதான். புதிதாகக் காண்பவர்கள் சண்டை நடக்கிறது என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். உண்மையில் சண்டை பிடிக்கும்போதும் அவருக்கு அந்தக் குரல்தான் என்பதால், எது சண்டை எது பேச்சு என்று எங்களுக்கே சில நேரம் பிடிபடாது.

ஏலத்தில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்த மீன் இந்த விலைக்குக் கீழே போகாது என்று மனதில் பட்டுவிட்டால், அந்த விலையை ஒரே மாதிரிச் சொல்லிக்கொண்டே நிற்பார். வியாபாரிகள் ஏசுவார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், சைக்கிளை எடுத்துக்கொண்டு போவதுபோல் நடிப்பார்கள். மச்சான் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கடைசியில் யாராவது ஒருவர் அலுத்துப்போய்க் கூடையில் கை வைப்பார்.

நாலு வருடங்களுக்கு முன்னால் மச்சானும் ராத்தாவும் முதல் தடவையாக உம்றாவுக்குப் புறப்பட்டார்கள். எங்கள் ஊரில் மக்காவுக்குப் போகிறவர் சும்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். மச்சானுக்கு இது லேசான வேலை இல்லை. அவரிடம் ஏச்சு வாங்காத ஆள் கடற்கரையில் கிடையாது. ஒவ்வொருவராய்த் தேடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதார். வீட்டில் ஆக்கி எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்தார்கள். பள்ளிவாசலடியில் துஆ ஓதி வேனில் ஏற்றி அனுப்பினோம்.

அடுத்த நாளே அதே வேனில் திரும்பி வந்தார்கள்.

விமான நிலையச் சோதனையில் மச்சான் அதிகாரி ஒருவரோடு சண்டை பிடித்தாராம். தனியாகக் கொண்டுபோய் இருத்தி விசாரித்தார்களாம். வெளியே விடும்போது விமானம் போய்விட்டதாம். நான் அப்போது கூடப் போகவில்லை. ஊர் அறிந்தது எவ்வளவோ, நான் அறிந்ததும் அவ்வளவுதான். விசாரிக்க வந்தவர்களிடம் ராத்தா சொன்னது ஒரே பதில்: "எல்லாம் இவர்ர வாயால." மச்சான் மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை. கடற்கரையில் சும்மா விடுவார்களா? "என்னகா பளீல், மக்கா இப்ப கிட்டவா வந்திட்டு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ராத்தா வெகுநாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பயணம் சொல்லி, அழுது, சாப்பாடும் கொடுத்துவிட்டு, போகாமல் வந்து நிற்கிற வெட்கம் அவளைத் தின்றுவிட்டது.

இந்த வருடம் மறுபடியும் போவதென்று மச்சான் ஒற்றைக் காலில் நின்றார். என்னையும் சேர்த்துக்கொண்டார். ராத்தா சம்மதிக்கப் பல நாள் எடுத்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஓம்பட்டாள். நான் அருகில் இருக்கும்போதுதான் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. வீட்டு வாசலத் தாண்டினதில இருந்து உங்கட சத்தம் எனக்குக் கேக்கப்படா. ஒருக்காக் கேட்டிச்செண்டா அந்த இடத்திலயே நான் திரும்பிருவன். மறுகா என்னக் கூப்பிடவும் வேணாம். நான் வரவும் மாட்டன்."

"ஓம்," என்றார் மச்சான்.

ராத்தா சொன்னால் செய்கிறவள். மூத்த மாமியோடு இனிக் கதைப்பதில்லை என்று ஒரு பெருநாளில் சொன்னவள், மாமி மௌத்தாகும்வரை கதைக்கவில்லை. மச்சானுக்கும் அது தெரியும். ஆகவே அவர் அன்றே வாயைப் பழக்கத் தொடங்கிவிட்டார். ஏலம் முடிந்து வீட்டுக்கு வந்தால் சைகையால் தண்ணீர் கேட்டார். பேரப்பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டாகப் போய்விட்டது.

வாயை அடக்கியவர் இன்னொன்றில் கோட்டை விட்டார். உம்றாவுக்குப் போகும் ஆண்கள் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளைத்தான் உடுத்த வேண்டும். இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று. அதுதான் இஹ்றாம். உள்ளே ஒன்றும் போடக்கூடாது. அதை எப்படி உடுப்பதென்று எங்கள் குழுவைக் கூட்டிப்போகிற மௌலவி பள்ளிவாசலில் வகுப்பு வைத்தார். எல்லோரும் போனோம். மச்சான் போகவில்லை. "பொறந்ததில இருந்து சாரன் உடுக்கிறவனுக்கு உடுக்கப் படிச்சுத் தாறாங்களாமா?" என்று சிரித்தார். சாரன் இரண்டு முனையையும் சேர்த்து மூட்டின உடுப்பு. மடித்துச் சொருகினால் கடலுக்குள் இறங்கினாலும் நிற்கும். இஹ்றாம் துணி ஒரு பக்கம் திறந்தது, துவாய் மாதிரித் தடிப்பு. அதுவும் மச்சானின் வயிற்றுக்கு மேலே. அவர் கல்முனை பஸாரில் ஒரு அகலமான வார் வாங்கி வைத்திருந்தார். முன்னால் இரண்டு இரும்புக் கொளுக்கிகள். அதுதான் துணியைப் பிடிக்கும் என்று நம்பிக்கை.

பயணத்தில் மச்சான் சத்தமே இல்லை. மகியங்கனையில் ஒரு கடையில் ஆறிப்போன தேத்தண்ணி தந்தார்கள். மற்ற நாளென்றால் கடை இரண்டுபட்டிருக்கும். மச்சான் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். ராத்தா கடைக்கண்ணால் பார்த்தாள்.

விமான நிலையத்துக்கு வெளியே ஒரு தொழுகை அறையில் ஆண்கள் எல்லோரும் வெள்ளை உடுத்தோம். உம்றா செய்யப்போகிறேன் என்று நிய்யத் வைப்பது விமானம் மக்காவுக்குரிய எல்லைக்குக் கிட்டப் போகும்போதுதான், அதற்குப் பிறகு சண்டை சச்சரவு கூடவே கூடாது என்று மௌலவி நினைவுபடுத்தினார். ராத்தாவின் சட்டம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டது என்று மௌலவிக்குத் தெரியாது.

எனக்கு இந்தச் சோதனை என்றாலே எரிச்சல். செருப்பைக் கழற்று, மணிக்கூட்டைக் கழற்று, பையைத் திற, மூடு, இன்னொருக்காத் திற. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த மரியாதையை ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டுத் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்ல நான் மடையன் இல்லை. ஆனால் மனிதரைத் தொடும்போது மனிதர் என்று நினைத்துத் தொடலாம்தானே?

ராத்தா பெண்கள் பக்கத்தால் போய்விட்டாள். நானும் இரும்பைக் கண்டால் கீச்சிடுகிற சோதனை வாசலைக் கடந்து அவளருகில் நின்றேன். எனக்குப் பின்னால் மச்சான். அவர் வாசலுக்குள் கால் வைத்ததும் அது கீச்சிட்டது. வாரைக் கழற்று என்றார்கள். மச்சான் இடது கையால் துணியை வயிற்றோடு கொத்தாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வாரைக் கழற்றித் தட்டில் போட்டார். மறுபடி வந்தார். வாசல் பேசாமல் விட்டது. எனக்கு மூச்சு வந்தது.

அடுத்ததாக ஒரு பொடியன் நின்றான், கையில் சோதனைக் கருவியோடு. இரண்டு கையையும் தூக்கு என்று சிங்களத்தில் சொன்னான். மச்சான் வலது கையைத் தூக்கினார்.

"மற்றக் கையும்."

மச்சானுக்குச் சந்தைச் சிங்களம் நன்றாக வரும். அவர் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மாத்தயா, மற்றக் கையைத் தூக்கினால் துணி விழுந்துவிடும். அறைக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே இரண்டு கையையும் தூக்குகிறேன்."

"அறையெல்லாம் இல்லை. கையைத் தூக்கு."

மச்சான் அதையே மறுபடி சொன்னார். சொல் மாறவில்லை, குரல் மாறவில்லை. பொடியன் எரிந்து விழுந்தான். மச்சான் மறுபடியும் அதையே சொன்னார். எனக்கு அப்போது விளங்கிவிட்டது. கடற்கரையில் விலை சொல்லிக்கொண்டு நிற்பது மாதிரித்தான் நிற்கிறார். ஒன்றுதான் புதிது. சத்தம் இல்லை. அவருடைய கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. குரலை அடக்க அவர் படுகிற பாடு அதில் தெரிந்தது.

பின்னால் வரிசை நின்றுவிட்டது. யாரோ சலித்துக்கொண்டார்கள். காற்சட்டை போட்ட இரண்டு வாலிபர்கள் மச்சானின் இடுப்பைக் காட்டிச் சிரித்தார்கள். எங்கள் விமானத்துக்கு ஆட்கள் ஏறலாம் என்று அறிவித்தல் கேட்டது. நான் திரும்பிப் போய் அவருக்கு முடிச்சுப் போட்டுவிடப் பார்த்தேன். கடந்தவர் திரும்பக்கூடாது என்று மறித்துவிட்டார்கள்.

"என்ன ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்றான் பொடியன்.

"ஒன்றும் இல்லை மாத்தயா. அறைக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள்."

ராத்தா என் கையைப் பிடித்திருந்தாள். மச்சான் வெடிக்கப் போகிறார் என்று அவள் பயந்துகொண்டு நிற்பதாகத்தான் நான் நினைத்தேன். "சபுறு, சபுறு" என்று பொறுமையை வேண்டி வாய்க்குள் சொன்னாள். அவள் பிடி இறுகிக்கொண்டே வந்தது. அப்போது அந்தப் பொடியன் பொறுமை இழந்து மச்சானின் இடது முஷ்டியைப் பிடித்து இழுத்தான். துணி ஒரு பக்கம் சரிந்தது. மச்சான் குனிந்து பிடித்துக்கொண்டார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

ராத்தா என் கையை உதறிவிட்டாள்.

"எடுடா கைய!"

அந்த மண்டபமே திரும்பிப் பார்த்தது. பளீல் மச்சானின் குரலை நான் கடற்கரையில் கேட்டிருக்கிறேன். இது அதை விட ஒரு பிடி கூட.

"அந்த மனுஷன் மானத்தக் கையில புடிச்சிட்டு நிக்கிறாரு. மரியாதையாத்தானே கேக்கிறாரு? உன்ட வாப்பாவ நாலு பேருக்கு முன்னால உடுப்ப உடச் சொல்லுவியா? சொல்லுவியாடா?"

அவனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. விளங்கவில்லை என்று மட்டும் அவன் சொல்லியிருக்க முடியாது. இழுத்த கையைப் பின்னுக்கு எடுத்துவிட்டான்.

"ஸுலைஹா, சத்தம் போடாத," என்றார் மச்சான், அந்தப் பக்கத்திலிருந்து, மிக மெதுவாக. "நான் கேட்டுட்டுத்தான் நிக்கிறன்."

"நீங்க பேசாம நில்லுங்க! சத்தம் போடப்படா எண்டு உங்களுக்குத்தான் சொன்னன். எனக்கு ஆரும் சொல்லல்ல!"

மௌலவி ஓடி வந்து அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். அவள் அசையவில்லை. காவலுக்கு நின்ற இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் அசையவில்லை. அவரை அறைக்குள் கொண்டுபோகும் வரை நான் இந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன், விமானம் போனால் போகட்டும் என்று தமிழிலேயே சொன்னாள். நாலு வருடமாக எந்த விமானத்துக்காக வெட்கப்பட்டாளோ, அதைத்தான் அவள் போகட்டும் என்றாள்.

சத்தம் கேட்டு ஒரு மூத்த பெண் அதிகாரி வந்தார். என்ன நடந்தது என்று மச்சானிடம் கேட்டார். மச்சான் அத்தனை தரம் சொன்னதை இன்னொரு தரம் சொன்னார். அதிகாரி மச்சானின் கையைப் பார்த்தார், சரிந்த துணியைப் பார்த்தார். பொடியனிடம் சிங்களத்தில் சுருக்கமாக ஏதோ சொன்னார். அவன் முகம் தொங்கிப்போனது. வாரையும் எடுத்துக்கொண்டு மச்சானை அறைக்குள் கூட்டிப்போனான். இல்லை என்று சொன்ன அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. போனவர்கள் உடனேயே வந்துவிட்டார்கள். அவ்வளவு சின்ன வேலை அது.

விமானத்தில் கடைசியாக ஏறியவர்கள் நாங்கள். ராத்தாவுக்கும் மச்சானுக்கும் பின் இருக்கையில் நான் இருந்தேன்.  விமானம் மேலே எழும்பியதும் ராத்தா அழுகிற சத்தம் கேட்டது.

"என்னத்துக்கு அழுறாய்?" என்றார் மச்சான். "அதான் ஏறிட்டமே."

"அண்டைக்கி அவங்க என்ட முக்காட்டக் கழட்டச் சொன்ன நேரம், நீங்களும் எனக்காக இப்பிடித்தானே கத்தின."

"உடு புள்ள."

"உடமாட்டன். பிழை உங்கள்ல இல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அத்தின ஆம்புளைகளுக்கு முன்னால என்னக் கழட்டச் சொன்னாங்க எண்டு ஊர்ல சொல்ல எனக்கு வாய் வரல்ல. வெக்கமா இருந்திச்சு. அதான் உங்கட வாயில பழியப் போட்டன்."

 மச்சான் சொன்னதைப் பின்னால் இருந்த நான் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"அதுவும் எனக்குத் தெரியும்கா. உன்ட வெக்கம் வெளிய வரப்படா எண்டுதான் நானும் அந்தப் பழிக்கு ஓம்பட்டுட்டு இருந்தன்."