வந்ததும் போனதும்

எங்கள் மாடிக்குக் குடிவந்த கார்குழலியைப் போலப் பயந்தவளை வைத்திக்குப்பமே பார்த்திருக்காது. வாசலில் மீன்காரம்மா குரல் கொடுத்தால்கூட ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்த பிறகுதான் பதில் சொல்வாள். காரணம் இல்லாமல் இல்லை. அவள் விட்டுவிட்டு வந்த புருஷன் நெடுமாறன் ஊரெல்லாம் கேமரா மாட்டுகிறவன். அவனோடு இருந்தவரை வீட்டு இணைப்பில் அவள் எதைத் தேடினாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அடி.

அப்படிப்பட்டவள் அறையில் ராப்பகலாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஓடியது. தான் யாரென்று காட்டாமல் எழுத நினைக்கிறவர்களுக்காக அது. அவர்கள் அனுப்புவது எங்கெங்கோ இருக்கும் சிலருடைய இணைப்புகளுக்குள் புகுந்து புகுந்து போகும். தடம் பிடிக்க முடியாது. அந்த வழியில் இவள் வீடும் ஒன்று. உள்ளே என்ன போகிறதென்று இவளுக்கே தெரியாது. இதற்குச் சம்பளமும் கிடையாது. போலீஸ் வந்தால் யார் பதில் சொல்வது என்று வாரம் தவறாமல் கத்துவேன். கேட்டால்தானே.

போன மாதம் இன்டர்நெட்காரர் அறிவுமதி படியேறி வந்தார்.

"என்னம்மா, இந்த மாசம் ஆயிரம் ஜிபி ஓடியிருக்கு? ஒரு ஆளு இவ்ளோ எப்படிம்மா ஓட்டுவீங்க?"

மாதம் ஐந்நூறு ஜிபியோடு நின்றுவிடும்படி அந்தக் கம்ப்யூட்டருக்கு அவளே அளவு கட்டியிருந்தாள். அவர் போனதும் முகம் வெளிறி என் கையைப் பிடித்தாள்.

"மிச்சம் ஐந்நூறு யாருதுக்கா? அவன்தான். நம்ம லைன்ல பூந்துட்டான். வீடு தெரிஞ்சிடுச்சு."

கதவைத் தாழிட்டுவிட்டு, கண்ணில் பட்ட அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அதை வைத்து என்ன செய்திருப்பேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவள் துணிகளைப் பைக்குள் திணித்தாள்.

"பிள்ளைச்சாவடியில உங்க தங்கச்சி வீட்ல கொஞ்ச நாள் இருந்துக்கவாக்கா?"

சரி என்றேன். கிளம்பும்முன் கம்ப்யூட்டரை அணைக்கப் போனவள், திரையையே பார்த்தபடி நின்றாள். பிறகு பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, உள்ள வந்தது ஐந்நூறு. வெளிய போனதும் ஐந்நூறு. வர்றது எல்லாத்தையும் இது அப்படியே அனுப்பிடும். நான் கட்டின அளவை வர்றதுக்குத் தனியா, போறதுக்குத் தனியா எடுத்துக்கிச்சு. அவரு ரெண்டையும் சேத்துச் சொல்லிட்டாரு. வேற யாரும் இல்லக்கா."

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள். எனக்கு வந்ததே கோபம்.

"யாரோ எவரோ எழுதுறதுக்கு நீ ஏண்டி செத்துச் செத்துப் பொழைக்கிற? அணைச்சுத் தொலை!"

"அவன் வீட்லேர்ந்து உதவி கேட்டு நான் எழுதினது இது வழியாத்தான்க்கா. அன்னிக்கு யாரு வீட்லயோ இது மாதிரி ஒண்ணு ஓடிட்டிருந்துச்சு. அவங்களும் பயந்து அணைச்சிருந்தா, இன்னிக்கு நான் இல்ல."

அளவைப் பாதியாகக் குறைத்தாள், அணைக்கவில்லை. குழவியைக் கீழே வைத்துவிட்டு, தாழ்ப்பாளை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்.