சம்பந்தியின் கால்

சென்ற மாதம் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் என் பேரன் டி.ஜே.யாக இசை வழங்கிய நிகழ்ச்சியில், அவனது வற்புறுத்தலுக்கு இணங்கி முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். கல்லூரிப் பேராசிரியையாக ஓய்வு பெற்ற எனக்கு அது உகந்த இடமன்று. செண்டையும் மேற்கத்திய முழக்கமும் இடைவெளியின்றி ஒன்றினுள் ஒன்று கரைந்தன. நான் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு.

எனக்கு ஏழு வயதானபோது, பழவங்காடிக்கு அருகிலிருந்த மண்டபத்தில் என் அக்காளின் கல்யாண வரவேற்பு நடந்தது. உருப்படியான வேலையில்லாதவர் என்று வீட்டில் பெயரெடுத்திருந்த மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, இரண்டு ரிக்கார்டு பிளேயர்களோடு வந்திறங்கினார். அப்பா ஒரே நிபந்தனைதான் விதித்தார்.

"சம்பந்தி முகம் கோணித்துன்னா அந்த நிமிஷமே மூட்டை கட்டிடணும். அதுக்கப்புறம் இந்தக் குடும்பத்து விசேஷம் எதுக்கும் உன் பெட்டி வரப்படாது."

சம்பந்தி ஒரு நீதிபதி. தீர்ப்பு வாசிக்கும் முகத்தோடு முன்வரிசையில் வீற்றிருந்தார். மாமா என்னை அருகே அழைத்தார்.

"மூஞ்சி பொய் சொல்லும், கேட்டயா? காலைப் பாரு. ஆடித்துன்னா வந்து என் காதில மட்டும் சொல்லு."

ஓர் இசைத்தட்டு முடியுமுன் மற்றொன்றின் விளிம்பை விரல் நுனியால் தடுத்துத் தடுத்து, இரண்டின் தாளமும் பொருந்தும் கணத்தில் விடுவார் மாமா. வீணை மலையாள நாடகப் பாட்டாயிற்று. அது இந்தி சினிமாப் பாட்டாயிற்று. எங்கே மாறியது என்று எவருக்கும் தெரியவில்லை. நீதிபதியின் கால்கள் மட்டும் அசையவில்லை. பிறகு ஆங்கில நடன இசை ஒன்று நுழைந்தது. வேட்டிக் கரைக்குக் கீழே அவருடைய வலக் கால் மெல்லத் தாளமிட்டது.

நான் ஓடினேன். மாமாவின் பக்கத்தில் வாழ்த்துரைக்காக வைத்திருந்த மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.

"மாமா! ஜட்ஜ் மாமா கால் ஆடறது!"

மண்டபம் முழுதும் ஒலிபெருக்கி அதைச் சொல்லிற்று. சிரிப்பலை எழுந்தது. நீதிபதி முகம் சிவந்து விருட்டென்று எழுந்தார். அப்பாவின் முகம் வெளுத்தது.

மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த நடன இசையின் அடியிலிருந்தே, அதே காலப்பிரமாணத்தில், கெட்டிமேளத்தை எழுப்பினார். பழக்கத்தின் வசத்தில் மண்டபமே எழுந்து நின்றது. அட்சதையில்லாத கைகள்கூடத் தூவுவதற்கு உயர்ந்தன. கோபத்தில் எழுந்த ஒருவர், மரியாதைக்கு எழுந்த முந்நூறு பேரில் ஒருவரானார். வேறு வழியின்றி மேடையேறி மணமக்களை ஆசீர்வதித்தார்.

புறப்படும் வேளையில் அவர் மாமாவிடம் வந்து தணிந்த குரலில் ஏதோ கேட்டார். மாமா அந்த ஆங்கிலத் தட்டைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினார். நீதிபதி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதை அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

என் குற்றத்துக்காக மாமாவின் தட்டைப் பறிமுதல் செய்துவிட்டாரே என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். தட்டைப் பறிகொடுத்த மாமா ஏன் அப்படி வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.