சுகந்தினியின் மழைப்பலகை

கரவனெல்லவுக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டம். அதன் கீழ்ப்பிரிவில், பால் வெட்டப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சுகந்தினி. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் தொடக்கத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலிருந்த மலையில் வெடிப்பு விழுந்தது. பார்வையிட வந்த அதிகாரி லயத்தருகே ஒரு மழைமானியை நட்டார். ஒரு நாள் மழை நூற்றைம்பது மில்லிமீற்றரைத் தாண்டினால் இருபத்துநான்கு குடும்பங்களும் பாடசாலைக்குப் போய்விட வேண்டும் என்றார். எல்லோருக்கும் முன்னே எழுபவர், தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்தவர் என்பதால், மழையை அளந்து அறிவிக்கும் வேலை சுகந்தினியிடம் வந்தது.

அது எளிது என்றுதான் அவர் நினைத்தார். காம்பராச் சுவரில் பலகை மாட்டி, திகதியையும் அளவையும் இரு மொழிகளிலும் எழுதினார். ஒரு வாரம் கழித்து, பால் வெட்டும் சுப்பம்மா அதன் முன் நின்றார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு சுகந்தி. என்னா எழுதியிருக்குன்னு தெரிஞ்சா இன்னும் நல்லாயிருக்கும்."

சுகந்தினிக்குச் சுருக்கென்றது. எண்களை அழித்துவிட்டு ஒரு குழாயை வரைந்தார். மழை கூடக்கூட அதில் நீலக் கடதாசி மேலேறும். ஆபத்தான அளவைத் தாண்டினால் சிவப்பு. குழந்தைகளுக்குக்கூட அது விளங்கியது.

ஜூன் மாதத்தில் ஒரு விடியலில் அளவு நூற்று அறுபது. சிவப்பை ஒட்டிவிட்டு ஓடிப்போய்ப் பாடசாலைக் கதவைத் திறந்து காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால், லயமே போர்த்திக்கொண்டு உறங்கியது.

"ஏழுமலை மாமா, எந்திரிங்க! செவப்பு போட்டிருக்கேனே, பாக்கலையா?"

பால் வெட்டுக்காரர் ஏழுமலை போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார். "பாத்தேனே. அதான் திரும்பி வந்து படுத்துட்டேன். இந்த மழைக்கு எவன் பால் வெட்டுவான்? நீ பலக வெச்சதுல இருந்து, பேர் குடுக்க பெரட்டுக்குப் போயி நனைஞ்சி திரும்புற வேல மிச்சம். நல்லா இருப்ப புள்ள!"

மரப்பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் படுக்கை. மழைக்கு அவர்கள் அறிந்த பொருள் அது ஒன்றே. ஓடச் சொன்ன பலகை அவர்களைத் தூங்க வைத்திருந்தது. அன்று மலை இறங்காதது நல்ல காலம்.

அந்த வாரம் முழுவதும் சுகந்தினி வீடு வீடாகப் போய், பலகையைப் பார்த்ததும் என்ன செய்வார்கள் என்று கேட்டார். எவ்வளவு மழை என்பது தமக்கும் அதிகாரிக்கும் உரிய செய்தி, மற்றவர்களுக்கு வேண்டியது இப்போது என்ன செய்வது என்பதே எனத் தெளிந்தார். பலகையை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் பால் வெட்டு: மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டை கவிழ்ந்திருந்தால் வேலை இல்லை. மறுபக்கம் மலை: இடுப்பில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாக நடக்கும் ஒரு குடும்பம். வெளியேற வேண்டிய நாளில் மட்டுமே அந்தப் படம் தொங்கும்.

சாயம் காயுமுன்னே, காம்பராவில் விளையாடிக்கொண்டிருந்த நான்கு வயது டிலானி வந்து பார்த்தாள்.

"அக்கா, இவங்க ஏன் மலைக்குப் போறாங்க?"

உண்மைதான். பாடசாலை வலப்பக்கம், படத்தில் இருந்தவர்களோ இடப்பக்கம், நேரே மலையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். சுகந்தினி சிரித்துவிட்டு, எல்லோரையும் திருப்பி வரைந்தார்.

ஒக்டோபரில் அந்தப் படம் முதன்முறையாகத் தொங்கியது. காலை ஏழு மணிக்கு லயம் நடந்தது. கடைசியாக, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏழுமலை வந்தார்.

"அனே, வெட்டும் இல்ல, தூக்கமும் இல்ல! மல வரலேன்னா ஒன்னய சும்மா விடமாட்டேன் புள்ள."

"வராட்டி நல்லதுதானே மாமா. நடங்க."

பத்து மணிக்கு மலை வந்தது. லயத்தின் கடைசி ஆறு வீடுகள் மண்ணுக்குள் போயின. அவற்றில் ஒன்று ஏழுமலையுடையது. ஆட்களில் ஒருவரும் குறையவில்லை.

மழை மீண்டும் வலுத்தபோது, பாடசாலை மண்டபத்தில் இருந்த சுகந்தினி குடையை எடுத்தார். ஏழுமலை எழுந்து வாசலை மறித்தார்.

"எங்க போற?"

"மழைய அளக்கணும் மாமா."

அவர் குடையைப் பிடுங்கிக்கொண்டார். "ஒனக்கும் சேத்துத்தான் அந்தப் படம். ஒக்காரு."