எடுத்து வரக் கூடாத கறி

எங்கள் முனியப்பனுக்கு ஒரு சட்டம் உண்டு. வெட்டிய கெடாவை அங்கேயே ஆக்கி, அங்கேயே தின்று, மிச்சம் இருந்தால் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வர வேண்டும். ஒரு துண்டு கறிகூட ஊருக்குள் வரக் கூடாது. அண்டா, கரண்டி, தட்டு எல்லாவற்றையும் அங்கேயே சாம்பல் போட்டுத் தேய்த்து, எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டெம்போவில் ஏற்றுவார்கள். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் கடத்தூரிலிருந்து எங்கள் பங்காளி வீடுகள் எல்லாம் டெம்போ பிடித்து மலையடிவாரத்துக்குப் போய்விடும். பெரியப்பா முறையில் யாரோ ஒருவர், படுக்கையில் கிடந்த பெண்டாட்டிக்காக ஒரு துண்டுக் கறியை மடியில் கட்டி எடுத்துப் போனாராம், மறுநாளே தொழுவத்தில் மாடு செத்துக் கிடந்ததாம். வருசா வருசம் இந்தக் கதையைச் சொல்ல ஒரு ஆள் இருப்பார். மாட்டுக்கு என்ன நோய் என்று நானும் வருசா வருசம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

எனக்கு வாய் நீளம். ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு அது இன்னும் நீண்டுவிட்டது என்பது அப்பாவின் கட்சி. இருக்கட்டும். அவ்வளவு நீள வாயை வைத்துக்கொண்டும் ஒரே ஒரு காரியத்தை என்னால் சாதிக்க முடியவில்லை. நான் சேர்ந்து வாழ்ந்தவனை வீட்டுக்குக் கூட்டி வந்து, கூடத்தில் உட்கார வைத்து, அம்மா கையால் ஒரு வேளை சோறு போட வைக்க முடியவில்லை. கல்யாணம், பத்திரிகை, மண்டபம் எதுவும் நான் கேட்கவில்லை. அந்த ஒரு வேளைச் சோறுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவனும் நானும் ஓசூரில் ஒரே வீட்டில் இருந்தோம். அவன் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். வேறு சாதி. விசயத்தை நான் வீட்டில் சொன்ன அன்று அப்பா கத்துவார், தட்டை விசிறி அடிப்பார் என்று பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கத்தவில்லை. "அந்தப் பையன் நம்ம வாசப்படி மிதிக்கப்படாது. நீ வரலாம், போலாம். உம்மேல எனக்குக் கோவமில்ல" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். கோபமில்லாத மனுசனிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவைத்தான் திட்டினேன். அம்மா எப்போதும் போல எனக்குச் சோறு போட்டாள். எங்கள் வீட்டில் யாரும் தானாகப் போட்டுச் சாப்பிட முடியாது, அம்மா விடமாட்டாள்.

அதன் பிறகு நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அவன்தான் பைக்கில் கூட்டி வருவான். கிருஷ்ணகிரி தாண்டி, தர்மபுரி தாண்டி, கடத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கிவிட்டுவிட்டு எங்கேயாவது சுற்றப் போய்விடுவான். சாயங்காலம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் வந்து என்னை ஏற்றிக்கொள்வான். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மீன் வாசனையோடு வருவான். நல்லம்பள்ளிச் சந்தையில் வாங்குகிறவன் மாதிரி ஆட்டைப் பிடித்துப் பல்லைப் பார்த்து விலை கேட்டிருக்கிறான். "உங்க மாவட்டத்துல உங்க வீட்டத் தவிர எல்லாத்தையும் பாத்தாச்சு" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான்.

தீர்த்தமலைக்கு மட்டும் அவன் திரும்பத் திரும்பப் போனான். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று நான் எப்போதோ சொல்லியிருந்தேன். மலை ஏறித் தீர்த்தத்தைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வந்து, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கொடு என்பான். அவனுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. முழங்கால் வலிக்காரிக்காகத் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு படி ஏறுகிறாயே என்று கிண்டல் செய்வேன். பாட்டிலை அம்மாவிடம் கொடுக்கும்போது யார் கொடுத்தது என்று நான் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் ஒரு மூடி அளவு குடிப்பாள். ஒரே ஒரு தரம், பாட்டில் தீர்ந்த அன்று, வலி பரவாயில்லை என்று அந்தத் தம்பியிடம் சொல் என்றாள்.

கடைசியாக அவனோடு வந்த ஆடி ஞாயிற்றிலும் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. அப்பா கெடாவைப் பிடித்துக் கொடுத்தார். அம்மா அடுப்படியில் நின்று வியர்க்க வியர்க்கக் களி கிண்டினாள். சாப்பிட்டு, புதைத்து, தேய்த்து, ஊர் திரும்பினோம். சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, முழங்கால் வலியோடு அம்மாவும் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். கையில் ஒயர் கூடை. மேலே முருங்கைக் கீரை. பஸ் தூரத்தில் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அடியில தூக்குப்போசி இருக்குது. அந்தத் தம்பிக்குக் குடு."

"என்னம்மா இது?"

"வாய மூடிக்கிட்டுக் கொண்டு போ. ஊர் எல்ல தாண்டற வரைக்கும் தெறக்காத."

கீரைக்கு அடியில் மூடி போட்ட தூக்குவாளி. வாசனையிலேயே தெரிந்துவிட்டது, முனியப்பன் கறி. பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவள் என் அம்மா. அத்தனை பங்காளிகள் கண்ணையும், அப்பா கண்ணையும், அந்த முனியப்பன் உருட்டி விழிக்கிற கண்ணையும் தாண்டி எந்த நேரத்தில் அதை எடுத்து மூடினாளோ. பஸ்ஸில் அந்தக் கூடையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

தர்மபுரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் அவனைப் பைக்கை நிறுத்தச் சொன்னேன். அங்கே ஒரு சின்னப் பாலம் இருந்தது, கட்டையில் உட்கார்ந்தோம். போசியைத் திறந்து, இது எந்தக் கறி, இதற்கு என்ன சட்டம், யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் போசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே இருந்தான். கறிக்குழம்புக்கு நடுவில் ஒரு களி உருண்டை. தஞ்சாவூர்க்காரனுக்குக் களி தின்ன எங்கே தெரியும்? வாயில் போட்டு மாடு அசை போடுகிற மாதிரி மென்றான்.

"மெல்லாத. முழுங்கு."

"முழுங்குனா தொண்டையிலயே நிக்கிதுடி."

நான் சிரித்த சிரிப்பில், ரோட்டில் போன லாரிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அவன் ஒரு துளி விடாமல் தின்றான். போசியின் விளிம்பை விரலால் சுற்றி வழித்து நக்கினான். அப்புறம் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காரம் என்றான். அம்மா குழம்பில் அவ்வளவு காரம் இருக்காது.

"உங்க அம்மா எனக்காக சாமியையே ஏமாத்திட்டாங்க. இனிமே உங்க அப்பா எம்மாத்திரம்?" என்றான்.

வண்டி கிருஷ்ணகிரியைத் தாண்டும் வரைக்கும் திட்டம் போட்டுக்கொண்டே வந்தான். உங்க அப்பா வாசப்படி மிதிக்கக் கூடாது என்றுதானே சொன்னார், முனியப்பனுக்கு வாசப்படி ஏது, அடுத்த வருசம் நேராக மலையடிவாரத்துக்கே வந்துவிடுகிறேன், பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்துகொள்கிறேன், உங்க அம்மா போடாமலா போய்விடுவார்கள் என்றான். அட, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அவன் முதுகில் குத்தினேன். அவ்வளவு சந்தோசமாக அந்த ரோட்டில் நான் போனதே இல்லை.

அவன் சாப்பிட்டதை அம்மாவிடம் போனில் சொல்ல வழியில்லை. வீட்டில் இருப்பது அப்பாவின் போன், பேசி முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆகட்டும், நேரில் போய்ச் சொல்லிக்கொள்வோம் என்று இருந்தேன். களியை மென்ற கதையை எப்படி நடித்துக் காட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

புரட்டாசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி. தண்ணீர் கேட்டான், கொடுக்கக் கூடாது என்றார்கள். அவ்வளவுதான், போய்விட்டான். அவன் அண்ணன்கள் வந்து அவனை ஊருக்குக் கொண்டுபோனார்கள். நானும் பின்னாலேயே ஒரு வண்டியில் போனேன். அவன் அம்மா அழுதுகொண்டே என்னை யார் என்று கேட்டபோது, கூட வேலை செய்கிறவங்க என்று யாரோ சொன்னார்கள். அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டு ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடத்தூருக்கு வந்தேன். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். வீட்டு வாசலில் நின்று, அந்தப் பையனுக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருந்தால் வாசப்படியைப் பெயர்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பீர்களா என்று கேட்டேன். அவர் பையை உள்ளே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அம்மா என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. சமைத்துச் சட்டியோடு கூடத்தில் கொண்டுவந்து வைத்து, போட்டுச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வேளையும் அப்படியே. அதற்கடுத்த வாரங்களிலும் அப்படியே. அப்பா தானே போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுப் போனார். அம்மா என்ன சாப்பிட்டாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. ஞாயிறானால் முழங்கால் வலியோடு நடந்தே மலையடிவாரத்துக்குப் போய் முனியப்பன் முன்னால் விழுந்து கிடப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

எனக்கு என்ன தோன்றும்? ராசியில்லாத காலை வைத்துக்கொண்டு வந்தவள் என்று என்னை ஒதுக்குகிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்லருகே நின்றவளிடம் கத்தினேன்.

"என்னயப் பாத்தா அவ்வளவு எளக்காரமாப் போயிருச்சா? ஒரு கரண்டி போட்டா உங்கையி தேஞ்சா போயிரும்?"

அம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையால குடுத்ததத் தின்னுதான் அந்தத் தம்பி போயிருச்சு. எடுத்துப் போவக் கூடாதுன்னு தெரிஞ்சும் குடுத்தேன். ஊரான் வூட்டுப் புள்ளைய நாந்தான் கொன்னேன், பாப்பா. இந்தக் கையால உனக்கும் எப்படிப் போடறது?"

என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்று கொசு, டெங்கு, ரத்தத்தில் என்ன குறைந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னேன். ஓசூரில் எங்கள் தெருவிலேயே இன்னும் நிறையப் பேருக்குக் காய்ச்சல் வந்ததையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "அந்தக் கொசுவ யாரு அனுப்புனா?" என்றாள். அவனுக்குப் பதிலாகத் தன்னை எடுத்துக்கொண்டிருக்கலாம், இப்போதாவது எடுத்துக்கொள் என்று முனியப்பனிடம் கேட்டுக்கொண்டு வருகிறாளாம். அதை மழை வருமா வராதா என்று பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். ஒருத்தனைக் கொடுத்தாயிற்று, இவளையும் கொடுக்க என்னால் ஆகாது.

"அவன் அதச் சாப்புடவே இல்லம்மா" என்றேன்.

அம்மா நிமிர்ந்தாள். பொய் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிற்காது. வண்டி குழியில் விழுந்து மூடி கழன்றுகொண்டது, குழம்பு பூராவும் கூடை வழியாக ரோட்டில் ஊற்றிவிட்டது, களியில் மண் ஒட்டிக்கொண்டது, நாய்க்குப் போட்டுவிட்டோம், நீ வருத்தப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றேன். ஒரு வாய்கூட அவன் நாக்கில் படவில்லை என்றேன்.

"முனியப்பன் மேல சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா அப்படியே கல்லைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது. தன் கையைப் பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் முகம் கோணியது. நான் வந்ததிலிருந்து அழாதவள் வாய்விட்டு அழுதாள்.

"அப்ப எங்கையால ஒரு வாயிகூட அந்தத் தம்பி சாப்புடலியா?"

எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. புளியமரம் இருந்தது, அவன் களியை மென்றது இருந்தது, போசியை விரலால் வழித்தது இருந்தது. அடுத்த வருசம் உன் பந்தியில் கடைசி ஆளாக உட்கார வருவேன் என்றானே அம்மா, அதுவும் இருந்தது. அவளிடம் சொல்வதற்கென்றே நான் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும்.

"இல்லம்மா" என்றேன்.

ரொம்ப நேரம் அழுதாள். பிறகு எழுந்து, தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னைக் கூடத்துக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்துக் களி போட்டாள்.