நேரக்காரர் வேடம்

அந்த வருடம் எங்கள் பெண்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த தமிழ் ரீச்சருக்குக் கெட்ட ஊர்க் கதைகளில் ஒரு பைத்தியம். 'கெட்ட ஊர்' என்பது நாங்கள் வைத்த பெயர். ரீச்சர் அதற்கு நீளமான ஒரு சொல் வைத்திருந்தார். அதைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் எங்களுக்கு மறந்துவிடும். இனி வரப்போகிற காலத்தில் மனிதர் தாங்களே கட்டித் தாங்களே மாட்டிக்கொள்ளும் ஊர்களைப் பற்றிய கதைகள் அவை. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்தவற்றை எங்களுக்கு வாயாலேயே தமிழாக்கிச் சொல்வார். அந்த ஊர்களில் பெண் என்ன செய்யலாம், ஆண் என்ன செய்யலாம், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குப் பாடம். உயர்தர வகுப்புச் சோதனைக்கு இதிலிருந்து ஒரு கேள்வியும் வராது. அது ரீச்சருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், அதிபருக்கு மட்டும் தெரியாது.

ஒருமுறை எங்கோ சொல்லி ஒரு வான் வண்டியில் புரொஜெக்டர் வரவழைத்து, மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி எங்களுக்குப் படம் காட்டினார். மதில் சூழ்ந்த ஒரு நகரம். பெண்கள் எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. மணி அடித்தால் சமைப்பார்கள், மணி அடித்தால் படுப்பார்கள். என்ன மொழி என்றுகூட விளங்கவில்லை. படம் முடிந்ததும், இதில் உங்களுக்குப் பயமாக இருந்தது எது என்று ரீச்சர் கேட்டார். ஒருவருக்கும் எதுவும் பயமாக இருக்கவில்லை. அது நாங்கள் கடையில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழி எழும்பி, அந்த ஊரில் பாண் வீட்டுக்கே வருகிறது, சட்டைத் துணி அரசாங்கமே கொடுக்கிறது, பிறகென்ன குறை என்று கேட்டாள். இன்னொருத்தி, அந்தப் பெண்களை எட்டு மணி வரைக்கும் வெளியில் விடுகிறார்களே என்று பொறாமைப்பட்டாள். அவள் வீட்டில் விளக்கு வைக்கமுன் உள்ளே நிற்கவேண்டும். ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டார். அவருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எழும்பி வந்து மெதுவாகக் கேட்டார்: "அந்தப் படத்தில ஒருத்தரும் ஒருத்தருக்கும் அடிக்கேல்லை. பிறகேன் அந்தப் பெண்டுகள் எல்லாரும் சொன்னபடி நடக்கினம்?"

மறுமொழி இல்லாத வகுப்பை ரீச்சர் சும்மா விடுகிற ஆள் இல்லை. வருட முடிவில் வரும் கலைவிழாவுக்கு எங்களைக்கொண்டே ஒரு கெட்ட ஊர் நாடகம் போடுவதென்று முடிவெடுத்தார். கதையை வகுப்பே சேர்ந்து கட்டியது. எங்கள் ஊரில் பெண்களுக்கு நேரம் தெரியக்கூடாது. மணிக்கூடு ஆண்களின் கையில் மட்டும்தான் இருக்கும். எப்போது அடுப்பு மூட்டுவது, எப்போது உறங்குவது என்பதையெல்லாம் நேரக்காரர் என்கிற பெரிய மனிதர் வந்து சொல்லுவார். ஒரு பெண் தன் பிள்ளை என்ன நேரத்தில் பிறந்தது என்று அறிய ஆசைப்படுகிறாள். அதுதான் குற்றம். அந்தப் பெண்ணாக என் தோழி நடித்தாள். பெண்கள் பாடசாலையில் ஆண் வேடமும் பெண்பிள்ளைகளுக்குத்தானே. உயரமும் கட்டைக் குரலும் இருந்ததால் நேரக்காரர் வேடம் என் தலையில் விழுந்தது.

அந்த நாட்களில் என் வீட்டு நிலைமை நாடகம் ஆடுகிற நிலைமையாக இருக்கவில்லை. அப்பா துறைமுகத்தில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை செய்தார். உயர்தர வகுப்பில் எனக்கு முதல் வருடம் முடியப்போகிறது. இரண்டாம் வருடம் என்னை விடுவாரா, அல்லது யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்திருந்த சம்பந்தத்தைப் பேசி முடிப்பாரா என்பது தெரியவில்லை. கேட்டால் "பாப்பம்" என்பார். அப்பாவின் 'பாப்பம்' ஓமும் அல்ல, இல்லையும் அல்ல. அது வந்துவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்கக்கூடாது. அந்தச் சொல்லுக்குள் நான் மாதக்கணக்காகக் கிடந்தேன். எனக்குப் படிக்கவேண்டும். வேறு எந்த ஆசையும் அப்போது எனக்குக் கிட்ட வரவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே, இந்தப் பாடம் சோதனை வரைக்கும் போகுமா, யாருக்கோ சமைத்துப்போடுவதோடு முடிந்துவிடுமா என்று மனம் ஓடும்.

அப்பா கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளத்தை அப்படியே அம்மாவிடம் கொடுப்பார்.

ஒத்திகையில் முதலில் நான் கூத்து ராசா மாதிரிக் கத்தினேன். கண்ணை உருட்டினேன். காலை உதைத்தேன். ரீச்சர் தலையில் கையை வைத்தார். இந்த ஊரில் கத்தத் தேவையில்லை, கத்துகிறவனைப் பார்த்து ஒருவரும் பயப்படமாட்டார்கள் என்று தினமும் சொல்லிப் பார்த்தார். ஒருநாள் எனக்கு நல்ல களைப்பு. கத்த உடம்பில் பலமில்லை. மேடைக்கு வந்து, வாசல் என்று வைத்திருந்த இடத்தில் நின்று ஒருதரம் தொண்டையைச் செருமினேன். கதிரையில் இருந்தேன். ஒருவரையும் பார்க்காமல் வலக்கையைப் பக்கத்தில் நீட்டினேன். நாடகத்தில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என் தோழி யாரும் சொல்லாமலேயே ஓடிப்போய் ஒரு தம்ளரை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். பிள்ளையின் பிறந்த நேரத்தை அவள் கேட்டபோது, வாங்கிக் குடித்துவிட்டு "பாப்பம்" என்றேன்.

ரீச்சர் கிட்ட வந்து, "இதை எங்க பிடிச்சனீர்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. அன்று பின்னேரம் வீட்டில் இருந்து படிக்கும்போது வாசற் படலையடியில் அப்பா தொண்டையைச் செருமினார். அம்மா ரேடியோவை நிறுத்தினார். தம்பி விளையாட்டுச் சாமான்களைக் காலால் ஒதுக்கினான். அப்பா கதிரையில் இருந்தார். கை நீண்டது, தேத்தண்ணி அந்தக் கைக்கு வந்தது. பெற்ற தகப்பனை அப்படியே தூக்கிக் கொண்டுபோய்க் கெட்ட ஊருக்குத் தலைவராக்கி வைத்திருக்கிறேன், அதுவும் அவர் என் படிப்புக்கு ஓம் சொல்லவேண்டிய நேரத்தில். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்னைவிடக் கெட்டிக்காரன்.

அடுத்த நாளிலிருந்து மாற்றப் பார்த்தேன். இடக்கையை நீட்டினேன், பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது என்று ரீச்சர் ஏசினார். செருமலை விட்டுவிட்டு இருமினேன். காசநோய்க்காரன் மாதிரி என்றார். பழையபடி கத்தினேன், அவர் அழுதேவிடுவார் போல இருந்தது. வேடத்தை மாற்றித் தரச் சொன்னபோது, உம்மை விட்டால் ஆள் இல்லை என்று முடித்துவிட்டார். காரணத்தை அவரிடம் சொல்லவும் எனக்கு ஏலாது. சொன்னால் அப்பாவை வேறு ஆட்களிடம் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

ஒரே ஒரு வழி இருந்தது. கப்பல் வந்தால் அப்பாவுக்குக் கந்தோரில் வேலை கூடும், கலைவிழாவுக்கு வரமாட்டார். பாடசாலை விட்டு வரும்போது துறைமுகப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து வந்தேன். காளி கோயிலில் ஒரு கப்பலுக்கு நேர்த்தி வைத்தேன். எங்கள் காளியிடம் கப்பல் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகைத் தவிர ஒன்றும் வரவில்லை. நடிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு முன்வரிசை என்று அதிபர் கடிதம் வேறு அனுப்பினார். அப்பா அதைப் படித்துவிட்டு வெள்ளை நீளக்கைச் சேட்டுக்கு இஸ்திரிப் பெட்டி போடச் சொன்னார்.

விழா பின்னேரம் தொடங்கியது. தோழியின் அண்ணனுடைய காற்சட்டை, கண்மையால் கீறிய மீசை. திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்பா கந்தோர் நண்பர் ஒருவரோடு முன்வரிசையில் இருந்தார். அம்மா பெண்கள் பக்கத்தில் இருந்தார். மறந்துபோனதாகச் சொல்லி ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் மேடைக்கு வந்து நின்றதும் தொண்டை தானாகவே செருமியது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஒருத்தி தொடங்க, பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கையை நீட்டியபோது சிரிப்பு இன்னும் கூடியது. ஆண்களும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அப்பாடா, பிடிபடவில்லை என்று நினைத்தேன். தோழி கேள்வியைக் கேட்டாள். நான் குடித்து முடித்து, "பாப்பம்" என்றேன். அப்பாவின் நண்பர் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார். அந்தச் சொல்லைக் கந்தோரிலும் சொல்வார்போல. அப்பாவின் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு நாடகத்தில் என்ன நடந்ததென்று எனக்கு நினைவில்லை. ரீச்சர் கட்டிப்பிடித்து அழுதது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வழமைபோல் அப்பா முன்னால், நானும் அம்மாவும் தம்பியும் பின்னால். என் படிப்பு அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். படலையடியில் அப்பா செருமவில்லை. அது செருமலைவிடப் பயமாக இருந்தது. கதிரையில் இருந்தார், கை மடியிலேயே கிடந்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குசினி வாசலில், மீசை அழியாமல் நின்றேன்.

அப்பா என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் கேட்டார்: "அது நானோ?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்ட விதத்தில் எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது. ஆனால் 'ஓம்' என்று அம்மா சொன்னால் நான் நாளைக்கே சம்பந்தக்காரருக்குப் பலகாரம் சுடவேண்டியதுதான்.

அம்மா யோசிக்கவேயில்லை. "சும்மா இருங்கோ. நீங்களோ? அது என்ர அப்பா. நான் பிள்ளைக்குச் சொன்ன கதையளை வைச்செல்லோ நடிச்சிருக்கிறாள்."

"உன்ர அப்பாவோ? அந்த மனுசன் சாது எண்டெல்லோ ஆக்கள் சொல்லுறவை."

"வெளியில சாது. வீட்டுக்குள்ள எப்பிடியெண்டு எங்களுக்குத்தானே தெரியும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அம்மா தோட்டத்தையே மறைத்தார். சம்பூரில் வயல் கமம் செய்த என் அம்மப்பா, மனைவி சமைக்கும்போது பக்கத்தில் இருந்து தேங்காய் துருவிக் கொடுத்த மனிதர். கிணற்றடியில் குடம் தூக்கியதற்காக ஊர் அவரைப் பகிடி பண்ணியது. தாய்க்குச் சுகமில்லாத நாட்களில் அம்மாவுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவர் அவர்தான் என்று அம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். அவரைப்போல ஒருவரைப் பார்க்கமாட்டாய் என்று சொல்லி அழுதுமிருக்கிறார்.

அப்பா நெடுநேரம் அம்மாவைப் பார்த்தார். பிறகு முகம் இளகியது. கை மடியிலிருந்து எழும்பிப் பக்கத்தில் நீண்டது. அம்மா தேத்தண்ணியை அதில் வைத்தார். குடித்து முடித்து, பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும், இந்த நாடகக் கூத்து மட்டும் இனி வேண்டாம் என்றார். மாதக்கணக்காக நான் காத்திருந்த ஓம் அப்படித்தான் வந்தது. எனக்குச் சந்தோசத்தில் கால் தரையில் நிற்கவில்லை. அதே நேரம் அப்பாவின் முன்னால் போய், அது நீங்கள்தான் என்று கத்தவேண்டும் போலவும் இருந்தது. கத்தவில்லை.

குசினியில் அம்மாவிடம், ஏனம்மா அம்மப்பாவை அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். செத்தவர் கோபிக்கமாட்டார், நீ போய் முகத்தைக் கழுவு என்றார்.

அத்தோடு முடிந்ததென்றுதான் நினைத்தோம். இரண்டாம் வருடம் தொடங்கிய பிறகு அம்மப்பாவின் திவசத்துக்குச் சம்பூர் போனோம். ஆண்களுக்கு இலை போட்டிருந்தது. அம்மாவும் நானும் பரிமாறிக்கொண்டு நின்றோம். அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். மாமனாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டுமென்று நினைத்தாரோ என்னவோ, "மாமா வெளியில சாது எண்டாலும் வீட்டுக்குள்ள வலு கண்டிப்பாம். இவதான் சொன்னவ," என்றார். அதை அவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார்.

அம்மாவின் அண்ணன், என் பெரியமாமா, பிசைந்த சோற்றை அப்படியே இலையில் விட்டார். அம்மாவைப் பார்த்து, "நீயோ சொன்னனீ? எங்கட அப்பாவையோ?" என்று கேட்டார்.

அம்மா கறிச்சட்டியோடு நின்றார். அப்பா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் பெரியமாமா கிடைப்பார், என் படிப்பு போகும்.

"ஓம் அண்ணை," என்றார் அம்மா.

பெரியமாமா எழும்பிக் கை கழுவப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் பட்டம் எடுத்துக்கொண்டு வந்த கிழமை, அம்மா பலகாரம் சுட்டு ஒரு பெட்டியில் கட்டிச் சம்பூருக்கு ஆள் அனுப்பினார். பெட்டி அவிழ்க்காமல் திரும்பி வந்தது.