சாதிக் காலியாக விட்ட கட்டங்கள்

சாதிக் போய்விட்டான் என்று அவன் தம்பி போனில் சொன்னபோது பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தேன். மஞ்சள் காமாலைக்கு ஓர் ஆள் சாவானா? திங்கட்கிழமை ஆபீஸ் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். நான் சிந்தாதிரிப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் அடக்கம் செய்யக் கொண்டுபோய்விட்டார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை.

தி.நகர் ஆபீஸில் எங்களோடு குப்பை கொட்டிய உங்களுக்கு அவனைத் தெரியும். யாரோ எப்போதோ எழுதிப்போட்ட பென்ஷன் புரோகிராமை நம் தலையில் கட்டியிருந்தார்கள். பக்கம் பக்கமாக அச்சடித்துப் படித்தும் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. சாதிக் தாளைத் திருப்பிப்போட்டு, புரோகிராம் போகும் வழியைக் கட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்தான். "இங்க பாரு மச்சி. கணக்கு உள்ள பூந்துச்சா? சுத்திக்கினே கீது. வெளிய வர்ற வழி எங்க கீது, சொல்லு?" வழியே இல்லை! நாள்கணக்கில் நான் மண்டையை உடைத்துக்கொண்டது, படத்தில் பார்த்தவுடன் தெரிந்தது.

தனக்குப் புரியாத இடத்தில் மட்டும் வெறும் கட்டம் போட்டு விட்டுவிடுவான். கிளையண்ட் வரப்போகிறார்கள் என்றதும் டீம் லீடர் ராகவன் குதித்தார்.

"என்னப்பா இது, அங்கங்க காலியா இருக்கு? ஏதாவது எழுதி ரொப்பு."

"எனக்கே புரியாதத புரிஞ்ச மாரி வரைஞ்சா, பின்னாடி வர்றவன் நம்பிடுவான் சார். புரோகிராம்னா சந்தேகப்படுவான். படத்த எவனும் சந்தேகப்பட மாட்டான்."

என்ன பிடிவாதம்! அன்று அவன் வாங்கிய திட்டுக்கு வேறு யாராவது வேலையை விட்டிருப்பார்கள். அவன் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டான்.

அவன் போன மறுவாரமே ராகவன் ஆள் வைத்து எல்லாவற்றையும் புதிதாக வரைந்து, காலிக் கட்டங்களையும் நிரப்பிவிட்டார். சாதிக்கின் தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், அதை நம்பிப் புரோகிராமில் கை வைத்து மாற்றுகிறார்கள்.

"சார், இது தப்பு" என்று கத்திப் பார்த்தேன்.

"கிளையண்டே ஓகே சொல்லிட்டாங்க. நீ ஏன்ப்பா இழுக்கற?"

இனி எந்த விதவைக்கு எந்த மாதம் பென்ஷன் குறையுமோ! குறைந்தால் ஏன் என்று கண்டுபிடிக்க ஆளில்லை.

சாதிக்கிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்: எந்தெந்தக் கட்டங்கள் காலியாக இருந்தன என்ற ஞாபகம். நேற்று அந்தப் புதுப் படத்தின் முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் விரல் நின்றுவிட்டது. அதில் இருப்பது அவன் எழுதியதா, ராகவன் ரொப்பியதா, எனக்கே தெரியவில்லை.