முன் அனுபவம்: ஆறு ஆண்டுகள்

அரசு அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தால் மூன்று நாட்களுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும். முப்பது நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். முடியவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்று இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் எழுத்தர்களுக்கு இதைத்தான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பேன். நானே ஒரு மனு எழுதி அனுப்பும்வரை இதை நம்பவும் செய்தேன்.

மனு பீர் பற்றியது.

செங்கல்பட்டில் நான் பீர் குடிக்க வழியில்லை. குடிக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒயின் ஷாப் வாசலில் நின்றால், பக்கத்தில் நிற்பவன் போன வாரம் நான் திருப்பி அனுப்பிய மனுவின் சொந்தக்காரனாக இருப்பான். அவன் கையில் குவார்ட்டர், என் கையில் பீர், இடையில் ஒரு வருமானச் சான்றிதழ். அது சரிப்படவில்லை. ஆகவே தொண்ணூற்று மூன்றிலிருந்து, சனிக்கிழமை காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஏறத் தொடங்கினேன். சிற்பங்களில் ஆர்வம் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.

"இன்னிக்கு எந்தக் கல்லைப் பாக்கப் போறீங்க?" என்பாள் மனைவி, என் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட வேறு கேள்வி கேட்கவில்லை.

நான் போன கடை, கடற்கரைக்குப் போகும் சந்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. ஆறு மேசை. கடைக்காரர் முன்பு கடலுக்குப் போனவர். படகைக் கரைக்கு இழுக்கும்போது தோள் மூட்டு விலகிப்போய், அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்களுக்கு மீன் பொரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். பொரித்தது அவர் மனைவி. அவர் தட்டை எடுத்துக்கொண்டு வருவார், போலீஸ் ஜீப் வருகிறதா என்று சந்து முனையையும் பார்ப்பார்.

ஜீப்பைப் பார்க்கக் காரணம் இருந்தது. அந்தச் சந்தில் எந்தக் கடைக்கும் பீர் விற்க உரிமம் கிடையாது. எல்லாக் கடையிலும் பீர் உண்டு. மீன் பெட்டியில் ஐஸுக்கு அடியில் பாட்டில்கள் படுத்திருக்கும். கேட்டால் பீங்கான் டீ பாட் ஒன்றில் ஊற்றி, கோப்பை, தட்டு, ஸ்பூன் சகிதம் கொண்டுவந்து வைப்பார்கள். ஸ்பூன் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "டீன்னா ஸ்பூன் வேணாமா சார்? பாக்கறவன் இன்னா நெனப்பான்?" என்றார் கடைக்காரர். நுரை தளும்பும் கோப்பையைச் சர்க்கரை கலக்குவது போல அவ்வப்போது கலக்கிக்கொள்ள வேண்டும். நானும் கலக்கினேன். அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் எனக்கு மனப்பாடம். சாப்பிடும் நேரத்தில் பாதி, வாசலைப் பார்ப்பதிலேயே போய்விடும். சந்து தெரிகிற நாற்காலியில் உட்கார்ந்தால் சந்தில் போகிறவனுக்கு நான் தெரிவேன். முதுகு காட்டி உட்கார்ந்தால் ஜீப் தெரியாது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் மூன்று மேசை மாறுவேன்.

"சாருக்கு மூலம்னு நெனச்சிக்கினு கீறாங்க அந்த மேசக்காரங்க," என்றார் கடைக்காரர் ஒருநாள்.

இந்த அவஸ்தையையும் மீறி நான் அங்கே போனதற்குக் காரணம் கடைக்காரரின் மனைவி, அந்த அம்மாள். அவர் பீரை வாயில் வைத்ததே இல்லை. மோந்து பார்ப்பார், அவ்வளவுதான். வருடா வருடம் டிசம்பரில் ஒரு ஜெர்மன்காரர் வருவார். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஊரில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வீட்டின் பின்கட்டில் பீர் காய்ச்சுகிறதாம். கம்பளிக் காலுறைக்குள் ஒவ்வொன்றாகச் சுற்றி, ஏழெட்டு பாட்டில் கொண்டுவருவார். இப்போது பெங்களூரில் இதற்குக் கிராஃப்ட் பீர் என்று பெயர் சொல்லி, எதோடு எதைச் சாப்பிட வேண்டும் என்று அட்டை அச்சடித்து மேசையில் வைக்கிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். எங்களுக்கு அட்டை இல்லை. அம்மாளின் மூக்கு இருந்தது.

முதல் வருடம் ஜெர்மன்காரர் கலங்கலாக இருந்த ஒரு பாட்டிலைத் திறந்தார். அம்மாள் அடுப்பை விட்டு வந்து குனிந்து மோந்து பார்த்தார்.

"வாயப்பய வாசன அடிக்குது சார். இதுக்குப் போயி மொளகாத்தூள அள்ளிக் கொட்டுனா பாவம். கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க."

நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். ஜெர்மன்காரர் காத்திருந்தார். கிழங்கான் மீனை உப்பும் மஞ்சளும் மட்டும் தடவி, எண்ணெய் அதிகம் படாமல் கல்லில் வாட்டி, மேலே எலுமிச்சையைக் காட்டி எடுத்துவந்தார் அம்மாள். நான் அதுவரை பீரை வெயிலுக்குக் குடித்தேன், மீனைப் பசிக்குத் தின்றேன். இரண்டும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. அந்த மீனின் இனிப்பு, பீரை ஒரு வாய் குடித்த பிறகுதான் நாக்குக்குத் தெரிந்தது.

கறுப்பாக, கருகிய ரொட்டி வாசனை அடித்த பாட்டிலுக்குத் தேங்காயைக் கறுக வறுத்து நண்டு மசாலா. கசப்பு பாட்டிலுக்கு நெத்திலி வறுவலும் மாங்காய்த் துண்டும். "கசப்ப கசப்பாவே வுட்டா கோச்சிக்கும். புளிப்பக் காட்டுனா அடங்கும்," என்றார். ஒயின் ஷாப்பில் வாங்கும் நம்மூர் ஸ்ட்ராங் பீருக்கு மட்டும் அவரிடம் மரியாதை இல்லை. "இதுல ஒண்ணுமே இல்ல சார், வெறும் கோவம்தான் கீது," என்று மிளகைத் தூக்கலாகப் போட்டுச் சுறாப் புட்டு கொடுப்பார். எது சரியாக வந்தது என்று அவர் யாரையும் கேட்டதில்லை. திரும்பி வரும் தட்டைப் பார்ப்பார். முள் மட்டும் இருந்தால் சரி.

நான் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதிவந்தேன். வரிசை எண், பானம், பதார்த்தம், குறிப்பு. பழக்க தோஷம்.

தொண்ணூற்றொன்பதில் ஓய்வு பெற்றேன். மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம் எல்லாம் ஆயிற்று. மறுநாள் காலை பத்து மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றேன். போக இடமில்லை. கூடத்திலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து கூடத்துக்குமாக ஒரு வாரம் நடந்தேன். "கல்லாவது பாத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி. கிழமை கணக்கில்லாமல் போகத் தொடங்கினேன்.

அப்படி ஒரு புதன்கிழமை மதியம், கடையில் வேறு யாரும் இல்லாத நேரம், சந்தில் ஒரு ஜீப் சத்தம் கேட்டது. அம்மாள் வாணலியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, என் முன்னால் இருந்த டீ பாட்டைத் தூக்கிப் பின்பக்க மணலில் கவிழ்த்தார். ஜீப் சுற்றுலா ஜீப். உள்ளே வாணலியில் இறால் கருகிவிட்டது. அவர் கருகிய இறாலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு காயிதம் வாங்கிக் குடுங்க சார். இத்தினி வருசம் ஆபீஸ்ல இருந்தீங்களே. ஒரு காதுல எண்ணெ, ஒரு காதுல ஜீப்பு. இப்புடி பயந்துகினே என்னால சமைக்க முடியல."

அவர் அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. எனக்கு உடம்பில் இரத்தம் ஓடியது. மறுநாளே பீர் உரிமத்துக்கான விண்ணப்பப் படிவத்தோடு வந்துவிட்டேன். வரைபடம், வாடகை ஒப்பந்தம், சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்று என்று இணைப்புகளை எண்ணிட்டு, ஓரத்தில் துளையிட்டு, நூல் கோத்துக் கட்டினேன். நான் எழுதியதிலேயே அழகான மனு அது.

படிவத்தில் பதினான்காவது கட்டம்: இத்தொழிலில் முன் அனுபவம்.

"இந்தக் கட்டத்த சும்மா வுட்டா இன்னா சார்?" என்றார் கடைக்காரர். அவர் கடலில் வளர்ந்தவர். காற்று மாறினால் தெரியும்.

"ஒரு கட்டத்தையும் வெறுமனே விடக் கூடாது. விட்டால் அதைக் காரணம் காட்டியே திருப்பிவிடுவான். நானே எத்தனை மனுவைத் திருப்பியிருக்கிறேன்."

"கோடு கிழிச்சி வுடலாமா?"

"கோடு கிழித்தால் அனுபவம் இல்லை என்று பொருள். அனுபவம் இல்லாதவனுக்கு யார் கொடுப்பான்?"

'ஆறு ஆண்டுகள்' என்று எழுதினேன். கருப்பு மையில், தெளிவான கையெழுத்தில். அவர் கீழே கையொப்பம் இட்டார். உரிமம் இல்லாமல் ஆறு ஆண்டுகள் பீர் விற்றேன் என்று ஒரு மனிதனிடம் எழுதி வாங்கி, உரிய அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நானே அனுப்பினேன். தபால் நிலையத்திலிருந்து வெளியே வரும்போது சீட்டி அடித்ததாகக்கூட நினைவு.

ஒப்புகை வரவில்லை. ஐந்து வாரம் கழித்து ஓர் அதிகாரி வந்தார். ஜீப்பில் வரவில்லை, மோட்டார் சைக்கிளில். நல்ல மனிதர். மனுவின் நகலைக் கையில் வைத்திருந்தார்.

"முன் அனுபவம் ஆறு ஆண்டுன்னு போட்டிருக்கே. யார் எழுதினது இது?"

"நான்தான்," என்றேன்.

"நீங்க யாரு?"

"ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்."

"அப்ப சரிதான்," என்றார். "வேற யாரும் எழுத மாட்டாங்க."

மனு நிலுவையில் இருப்பதால் வழக்குப் போடவில்லை, ஆனால் முடிவு தெரியும்வரை இங்கே ஒரு பாட்டில்கூட இருக்கக் கூடாது, மாதாமாதம் வந்து பார்ப்பேன் என்றார். சொன்னபடி வந்தார். பெட்டிக்குள் ஐஸைக் கிளறிப் பார்த்துவிட்டு மீன் மட்டும்தான் என்று எழுதிக்கொண்டு போவார். பக்கத்துக் கடைகளுக்குள் அவர் நுழையவில்லை. அவை எந்த மனுவும் போடவில்லை, ஆகவே அவற்றுக்குக் கோப்பு இல்லை.

டிசம்பரில் ஜெர்மன்காரர் காலுறைகளோடு வந்தார். சொந்த பாட்டிலைக்கூட இங்கே திறக்கக் கூடாது என்று நான் அவருக்கு விளக்கினேன். ஐரோப்பாவில் பிறந்தவர், கோப்பு என்றால் புரிந்தது. அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, இரண்டு கடை தள்ளிப் போய் உட்கார்ந்தார். அங்கே டீ பாட் வந்தது. காற்றில் வந்த வாசனையை வைத்தே அங்கே எந்த பாட்டில் திறந்திருக்கிறது, என்ன பொரிகிறது என்று அம்மாள் தெரிந்துகொண்டார்.

"அந்தக் கறுப்புக்குப் போயி வஞ்சிரம் பொரிக்கிறான் பாரு," என்றார் கணவரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "சந்து பூரா ஊத்துறான். எங்க வூட்ல மட்டும் காயிதம் கீது. நல்லா எய்துனீங்க சார்."

பீர் இல்லாத கடைக்கு வெள்ளைக்காரர் வரவில்லை. நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். தண்ணீரைக் குடித்தபடி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பயப்பட எதுவும் இல்லாததால் சாப்பாடும் இறங்கவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்ததும் நினைவூட்டு எழுதுவேன். பொருள், பார்வை, மனுவின் தேதி, முந்தைய நினைவூட்டின் தேதி. ஒவ்வொரு தடவையும் பார்வை ஒரு வரி நீண்டது. நேரிலும் போனேன். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். எந்த மேலே என்று கேட்க நினைத்தேன். என் காலத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டாவது டிசம்பரும் அப்படியே போனதும் அவர்கள் கொட்டகையைக் காலி செய்தார்கள். படூர் பக்கம் புதிதாகக் கல்லூரிகள் வந்திருந்தன. அங்கே மாணவர்களுக்கு மெஸ் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு அங்கே போகத் துணிவு வந்தது. இரண்டு பேருந்து மாறிப் போனேன். கூடம் நிறைய மாணவர்கள், சத்தம், சாம்பார் வாளி. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒரு மேசையைத் துடைத்து உட்காரவைத்தார். அம்மாள் உள்ளேயிருந்து மீன் குழம்போடு வந்தார்.

"இன்னும் எய்திக்கினு கீறீங்களா சார்?"

"ஏழாவது நினைவூட்டு அனுப்பியிருக்கிறேன்."

"வுடுங்க சார். கடையே இல்ல, எதுக்குக் காயிதம்?"

"வியாபாரம் எப்படி?"

"ஒரு கொறையும் இல்ல. இங்க எந்த ஜீப்பும் வராது." குழம்பை ஊற்றினார். "ஆனா எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரே ருசிதான் வேணும். எத வெச்சாலும் சோத்துல பெசஞ்சி துன்னுட்டு ஓடிப்பூடுதுங்க. மோந்து பாக்க ஒண்ணும் இல்ல சார்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். நான் தட்டில் முள்ளைத் தவிர எதுவும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை. அங்கே தட்டு எடுக்க வேறு ஆள் இருந்தார்.

அவர் விடச் சொன்னதை நான் விடவில்லை. விட்டிருக்கலாம். ஆனால் காலை பத்து மணி ஆனால் கை ஏதாவது எழுதக் கேட்டது. அந்த மனு ஒன்றுதான் எனக்கு நிலுவையில் இருந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று நினைவூட்டுகள் போயின. கடை இருந்த இடத்தில் சிற்பக் கடை ஒன்று வந்து, கல் பிள்ளையார்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மனைவியிடம் சொன்ன பொய் கடைசியில் உண்மையாகி, நான் நிஜமாகவே கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பதினோராவது நினைவூட்டுக்குப் பதில் வந்தது. அரைப் பக்கம். கள ஆய்வில் மனுதாரர் குறிப்பிட்ட முகவரியில் அவ்வாறான உணவகம் எதுவும் செயல்படவில்லை எனத் தெரியவருவதால், மனு முடிக்கப்படுகிறது. பிழையில்லாத வரைவு. நான் இருந்திருந்தாலும் இப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பேன். படூருக்குக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று யோசித்தேன், பேருந்து நிலையம்வரை நடந்தேன், திரும்பி வந்தேன். கடிதத்தில் ஜூன் பன்னிரண்டு என்று தேதி போட்டிருந்தது. என் கைக்கு வந்தது 2003 ஜூலை 9, புதன்கிழமை.